சங்கத்தில் ஒரு மாற்றம் கொண்டுவருவது ஏன் இவ்வளவு கஷ்டம்?

சந்தா கட்டி உறுப்பினராகும் சங்கம் எதிலாவது நீங்கள் இருந்திருந்தால் இந்தக் காட்சி தெரிந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்கு ஆண்டுப் பொதுக்குழு. கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தபட்சம் வர வேண்டிய ஆள், சேரவில்லை. பதினொரு மணி வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அரை மணி நேரம் ஒத்திவைக்கப்பட்டு, வந்திருப்போரைக் கொண்டு கூட்டம் நடத்தப்பட்டது" என்று மினிட் புத்தகத்தில் எழுதி ஆரம்பிக்கிறார்கள். ஆண்டறிக்கை, வரவு செலவு, தணிக்கையாளர் நியமனம் எல்லாம் கைதட்டலில் ஓடிவிடும். கடைசியாக "தலைவர் அனுமதியுடன் இதர விஷயங்கள்" என்று வரும்போது, புதிதாகச் செயற்குழுவுக்குள் வந்த ஒருவர் எழுந்து லேப்டாப்பைத் திறந்து, சங்கத்தையே தலைகீழாகப் புரட்டிப் போடும் யோசனை ஒன்றைச் சொல்வார். பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் மெதுவாக எழுந்து, "இதெல்லாம் பைலாவுல இருக்கா?" என்று சங்கத்தின் விதிப் புத்தகத்தைக் காட்டிக் கேட்பார். அவ்வளவுதான், சமோசா வந்துவிடும்.

அந்த லேப்டாப் ஆள் நான்தான். எங்கள் நகர் குடியிருப்போர் நலச் சங்கத்தில் அப்போது புதுச் செயலாளர். அலுவலகத்தில் பெரிய பெரிய மாற்றங்களைச் செய்து பழகியவன், நூற்றெண்பது வீடு உள்ள சங்கம் என்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன். பிறகு சில வருடங்கள் அடிபட்டுக் கற்றுக்கொண்டதையும், உலகின் பெரிய உறுப்பினர் சங்கம் ஒன்றில் நடந்ததைப் படித்துப் புரிந்துகொண்டதையும் சேர்த்து, இப்போதுதான் ஏதாவது சங்கத்தில் பொறுப்புக்கு வந்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். நலச் சங்கம், பழைய மாணவர் சங்கம், வணிகர் சங்கம், வெளிநாட்டுத் தமிழ்ச் சங்கம் எதுவானாலும் அடிப்படை ஒன்றுதான்.

முதலில், சங்கம் யாருடையது?

கம்பெனி என்றால் பங்கு வைத்திருப்பவருடையது. அறக்கட்டளை என்றால் நாலைந்து அறங்காவலர்கள் உட்கார்ந்து முடிவெடுத்துவிடுவார்கள், பலன் பெறுபவர்களை யாரும் ஓட்டுப் போடக் கூப்பிடுவதில்லை. சங்கம் அப்படியில்லை. தமிழ்நாட்டில் பெரும்பாலான சங்கங்கள் 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானவை. ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கம் தொடங்கலாம், செயற்குழுவில் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும், அந்தக் குழுவின் பதவிக்காலம் மூன்று வருடத்துக்கு மேல் போகக் கூடாது, வேண்டுமானால் மறுபடி தேர்ந்தெடுக்கப்படலாம். "லாப நோக்கமற்றது" என்பதைச் சிலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். வங்கிக் கணக்கில் பணம் மிஞ்சவே கூடாது என்று அதற்கு அர்த்தமில்லை. மிஞ்சுவதை உறுப்பினர்கள் பங்கு போட்டுக்கொள்ளக் கூடாது, சங்கத்தின் நோக்கத்துக்கே செலவழிக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதில் ஒரு வினோதம் இருக்கிறது. உறுப்பினர்தான் சங்கத்தின் வாடிக்கையாளர், அவர்தான் முதலாளி, பொங்கல் விழாவுக்கு நாற்காலி தூக்கிப் போடும் சம்பளமில்லாத வேலைக்காரரும் அவர்தான், விழா முடிந்ததும் வாட்ஸப் குழுவில் "சாம்பார்ல உப்பு கம்மி" என்று எழுதுகிறவரும் அவரேதான். கம்பெனியில் மேலாளர் ஒரு மாற்றத்தை அறிவித்தால் பிடிக்காதவர்கூட மாதச் சம்பளத்துக்காகவாவது செய்துதான் ஆக வேண்டும். சங்கத்தில் உங்களுக்கு அந்தப் பிடி கிடையாது. பிடிக்காதவர் உங்களோடு சண்டை போட வேண்டும் என்றுகூட இல்லை, அடுத்த வருடச் சந்தாவை நிறுத்திவிட்டால் போச்சு. சண்டை போடுகிறவரையாவது கூப்பிட்டுப் பேசலாம், சத்தமில்லாமல் விலகிப் போகிறவரை எங்கே போய்ப் பிடிப்பது?

அதனால் சங்கத்தில் தலைமை என்பது உத்தரவு போடும் வேலையே கிடையாது. மாற்றம் என்றதும் எல்லோருக்கும் செயலியும் இணையதளமும்தான் நினைவுக்கு வருகின்றன, அதுவும் அவசியமில்லை. கூட்டத்தை ஞாயிறு காலையிலிருந்து சனி மாலைக்கு மாற்றியதில் பெண்கள் வரத் தொடங்கிய சங்கம் எனக்குத் தெரியும். அதுவும் புதுமைதான், செலவு பூஜ்யம்.

ரசீதுப் புத்தகத்தின் கதை

எங்கள் பொருளாளர், ஓய்வு பெற்ற பள்ளித் தலைமையாசிரியர். பெயர் வேண்டாம், நாங்கள் எல்லோரும் "ஹெச்எம் சார்" என்போம். மாதத்தின் முதல் இரண்டு ஞாயிறுகளில் காலை ஏழு மணிக்கு ஒரு ரெக்சின் பையை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவார். கார்பன் வைத்த ரசீதுப் புத்தகம், நீல மை பேனா, சில்லறைக்கு ஒரு சுருக்குப் பை. ஒரு வீட்டுக்கு ஐந்து நிமிடமாவது ஆகும், சில வீடுகளில் காபியோடு அரை மணி நேரம். எனக்கு அதைப் பார்த்தால் பரிதாபமாக இருந்தது. கியூஆர் கோடு ஒட்டினால் அரை நாளில் முடிகிற வேலைக்கு எழுபது வயது மனிதர் வெயிலில் அலைகிறாரே!

பொதுக்குழுவில் நான் விரித்த திட்டம் இதுதான்: சந்தாவை யூபிஐயில் கட்ட வேண்டும், புகார்களைச் செயலியில் போட வேண்டும், ரசீது குறுஞ்செய்தியில் வந்துவிடும். பைலா கேள்விக்குப் பிறகு சமோசா தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார் ஹெச்எம் சார்.

"தம்பி, நான் காசு வாங்கத்தான் போறேன்னு நினைச்சீங்களா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. யோசித்துப் பார்த்தால், ஐந்தாவது தெருவில் சாக்கடை அடைத்திருப்பது, மூலை வீட்டு அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது, தெருவிளக்கு எரியாதது, யார் வீட்டுக்கு யாரோடு மனஸ்தாபம், இது எல்லாம் செயற்குழுவுக்கு அந்த ரெக்சின் பை வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. நான் வேஸ்ட் என்று வெட்டப் பார்த்தது சங்கத்தின் காதை!

ஆரம்பநிலைக்காரர்கள் செய்யும் முதல் தப்பு இது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. சங்கத்தில் பழைய வழக்கம் ஒன்று அசட்டுத்தனமாகத் தெரிந்தால், அது வெளியே சொல்லாத வேறு ஏதோ வேலையையும் சேர்த்துச் செய்துகொண்டிருக்கலாம். அது என்ன என்று கண்டுபிடிக்காமல் கை வைத்தால், எதிர்ப்பு எங்கிருந்து வருகிறதென்றே தெரியாது. "வயசானவங்க, மாற மாட்டாங்க" என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொள்வோம். நானும் வீட்டில் போய் அதைத்தான் சொன்னேன்.

அப்புறம் என்ன ஆனது என்றால், நான்காவது தெருவில் மட்டும் மூன்று மாதம் கியூஆர் கோடு வைத்துப் பார்ப்போம் என்று அவரே சொன்னார். தெருவில் 22 வீடு. 17 வீடு போனில் கட்டிவிட்டது. அவர் போவதை நிறுத்தவில்லை, பையில்லாமல் போனார், கையில் ஒரு சின்ன நோட்டு. சில்லறை எண்ணுகிற நேரம் மிச்சமானதில் பேச்சு இன்னும் நீண்டது. செயலியை யாரும் கேட்கவில்லை. நானும் மறந்துவிட்டேன்.

ரோட்டரியில் நடந்தது

ஒரு தெருவில் மட்டும் செய்து பார்ப்பது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் பெரிய சங்கங்கள் மாறியதும் பெரும்பாலும் இப்படி ஓரத்திலிருந்துதான். இதற்கு ரோட்டரியைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. நம் ஊர்களில் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சக்கரச் சின்னம் போட்ட பலகையைப் பார்க்காதவர் இருக்க முடியாது, அந்த ரோட்டரிதான்.

1905-இல் சிகாகோவில் தொடங்கிய சேவை அமைப்பு, ஊர் ஊராகக் கிளப்புகள் உண்டு. உறுப்பினர் ஆண்களாக இருக்க வேண்டும் என்பது அதன் எழுதப்பட்ட விதி. அந்த விதியை மாற்றச் சொல்லி முறைப்படி மனு போட்டவர்களில் முன்னோடிகள் நம் பக்கத்து ஆட்கள் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். 1950-இல் இந்தியாவிலிருந்து ஒரு ரோட்டரி கிளப், விதியில் உள்ள "ஆண்" என்ற சொல்லை எடுத்துவிட வேண்டும் என்று தீர்மானம் அனுப்பியது. 1964-இல் இலங்கையிலிருந்து, அப்போதைய சிலோனிலிருந்து, ஒரு கிளப் பெண்களைச் சேர்க்கலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தது. அதைத் திரும்பப் பெற வேண்டும் என்று பிரதிநிதிகள் ஓட்டுப் போட்டுவிட்டார்கள். 1972-இலும் 1977-இலும் அமெரிக்கா முதலான இடங்களிலிருந்து மறுபடி கேட்டார்கள். 1980-இல் தலைமை நிர்வாகக் குழுவே இந்தியா, ஸ்வீடன், ஸ்விட்சர்லாந்து, அமெரிக்கா நாட்டுக் கிளப்புகளோடு சேர்ந்து முன்மொழிந்தது. அப்போதும் நிறைவேறவில்லை. முறையான வாசல் வழியாகத்தான் போனார்கள், ஒவ்வொரு முறையும் கதவு சாத்தப்பட்டது.

இதற்கு நடுவே லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் டுவார்ட்டே என்ற சின்ன ஊரின் கிளப், 1977-இல் யாரிடமும் தத்துவம் பேசாமல் மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டது. தலைமையகம் அடுத்த வருடமே அந்தக் கிளப்பின் அங்கீகாரத்தை ரத்து செய்தது. அவர்கள் அசரவில்லை. "முன்னாள் ரோட்டரி கிளப்" என்று பெயரை மாற்றிக்கொண்டு, சின்னத்தின் மேல் ஒரு பெருக்கல் குறியைப் போட்டுக்கொண்டு வாராவாரம் கூடினார்கள், நீதிமன்றத்துக்கும் போனார்கள். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1987 மே 4 அன்று பாலினத்தைக் காரணம் காட்டிப் பெண்களை விலக்கக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. அதே வருடம் அதே டுவார்ட்டே கிளப்புக்கு சில்வியா விட்லாக் என்ற பெண் தலைவரானார். உலகம் முழுவதற்குமான விதி எப்போது மாறியது தெரியுமா? 1989-இல். மூன்று வருடத்துக்கு ஒரு முறை கூடி ரோட்டரியின் விதிகளைத் திருத்தும் மன்றம் அந்த வருடம் கூடி, ஆண்கள் மட்டும் என்ற நிபந்தனையை நீக்கியது. 1990 ஜூனுக்குள் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சேர்ந்துவிட்டார்கள். உலகத் தலைவர் பதவிக்கு ஒரு பெண் வர 2022 வரை ஆனது, கனடாவின் ஜெனிஃபர் ஜோன்ஸ்.

தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். கேட்டது 1950, செய்து பார்த்தது 1977, விதி மாறியது 1989. விதி கடைசியாகத்தான் வந்து சேர்ந்தது. அதற்காக 1950, 1964 தீர்மானங்கள் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு முறை தோற்கும்போதும் அடுத்த தடவை அது புதிய யோசனையாகத் தெரியாமல் போகிறது, அதுவே பெரிய லாபம். ஆனால் நேரில் பார்த்த ஒன்றை மறுப்பது, காகிதத்தில் உள்ள ஒன்றை மறுப்பதைவிடக் கஷ்டம். பெண்கள் வந்தால் தோழமை கெட்டுவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு எதிரே, பெண்கள் இருந்தும் நன்றாக நடக்கிற ஒரு கிளப் இருந்தது.

டுவார்ட்டே வழியை எல்லோரும் பின்பற்ற முடியாது, அதையும் சொல்லிவிட வேண்டும். கோர்ட்டு வழக்கு பத்து வருடம் தாக்குப் பிடிக்கிற சங்கம் எத்தனை இருக்கிறது? எனக்கு இந்தக் கதையில் அதிகம் பிடித்தது அதற்குப் பிறகு ரோட்டரி தலைமை கற்றுக்கொண்டதுதான். இணையத்தில் மட்டுமே கூடும் கிளப் வேண்டும் என்று கேட்டபோது, அடித்து விரட்டாமல் 2004-இல் அதைச் சோதனைத் திட்டமாக அனுமதித்தார்கள். ஆறு வருடம் பார்த்துவிட்டு 2010-இல் நிரந்தர விதியாக்கினார்கள். 2016-இல் இன்னும் ஒரு படி மேலே போய், வாரம் தவறாமல் கூட வேண்டும் என்ற பழைய கட்டாயத்தையே தளர்த்தி, மாதம் இரண்டு முறையாவது கூடினால் போதும், எப்படி என்பதைக் கிளப்பே தீர்மானிக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். அதாவது ஓரத்தில் நடக்கும் சோதனையைக் குற்றமாகப் பார்த்த சங்கம், அதற்கென்று ஒரு வாசலைத் தானே திறந்து வைத்தது.

போலியோவிலும் இதே வரிசைதான். 1979-இல் பிலிப்பைன்ஸில் அறுபது லட்சம் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்கும் ஒரு திட்டத்தை எடுத்துச் செய்து பார்த்தார்கள். அதற்கு முன்பெல்லாம் ஒவ்வொரு கிளப்பும் தன் ஊரில் தனக்குத் தோன்றிய சேவையைச் செய்துகொண்டிருந்தது, எல்லோரும் சேர்ந்து ஒரே வேலையில் இறங்குவது பழக்கமில்லை. பிலிப்பைன்ஸ் அனுபவம் கையில் இருந்ததால்தான் 1985-இல் உலகளாவிய போலியோ திட்டத்தை அறிவிக்க முடிந்தது. இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸால் கடைசியாகப் பாதிக்கப்பட்டது 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் கண்டறியப்பட்ட குழந்தை. 2014 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவும் அடங்கிய தென்கிழக்காசியப் பகுதியைப் போலியோ அற்றது என்று அறிவித்தது. அரசும் லட்சக்கணக்கான ஊழியர்களும் சேர்ந்து செய்த வேலை அது, ரோட்டரிக்கும் அதில் பங்குண்டு.

சோதனை என்றால் எப்படி?

சரி, நம் அளவுக்கு வருவோம். எங்கள் சங்கத்தில் அடுத்து வந்த பிரச்சினை வாடகைக்காரர்கள். பைலாவின்படி வீட்டுச் சொந்தக்காரர் மட்டுமே உறுப்பினர். சங்கம் தொடங்கியபோது அது நியாயம்தான், எல்லோரும் மனை வாங்கி வீடு கட்டி வந்தவர்கள். இன்றைக்கு எங்கள் நகரில் மூன்றில் ஒரு வீட்டுக்கு மேல் வாடகைக்கு விட்டிருக்கிறார்கள், சொந்தக்காரர் பெங்களூரிலோ துபாயிலோ இருப்பார், தண்ணீர் லாரிக்கு நிற்பதும் குப்பை வண்டியைத் துரத்துவதும் வாடகைக்கு இருப்பவர். சந்தா அவர் கையிலிருந்துதான் வரும், ஆனால் கூட்டத்தில் அவர் உட்காரக் கூடாது. முப்பது வயதுக்காரர்கள் எல்லாம் அந்தப் பக்கம், அறுபதைத் தாண்டியவர்கள் எல்லாம் இந்தப் பக்கம் என்று சங்கம் தானாகவே கிழடு தட்டிக்கொண்டிருந்தது.

இதைப் பேச ஆரம்பித்ததும் ஹெச்எம் சார்தான் முதல் எதிர்ப்பு. "இன்னைக்கு இருப்பாங்க, நாளைக்கு வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிடுவாங்க. சங்கத்துப் பேர்ல நிலம் இருக்கு, டெபாசிட் இருக்கு. ஓட்டுப் போட்டுட்டுப் போனவங்க அப்புறம் வந்து பதில் சொல்வாங்களா?" நல்ல கேள்வி. எதிர்ப்பவரின் கேள்வியை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வைத்துக்கொள்வது எனக்குப் பழக்கமாகிவிட்டது, ஏனென்றால் அதுதான் பின்னால் திட்டத்தின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது.

பைலாவைத் தொடவில்லை. அதை நன்றாகப் படித்துப் பார்த்ததில், செயற்குழு விரும்பினால் யாரையும் சிறப்பு அழைப்பாளராகக் கூப்பிடலாம் என்று ஒரு வரி இருந்தது. (உங்கள் பைலாவையும் ஒரு தடவை முழுசாகப் படியுங்கள். தடுக்கிற விதிகள் எல்லோருக்கும் மனப்பாடம், அனுமதிக்கிற விதிகள்தான் யாருக்கும் ஞாபகம் இருக்காது.) தெருவுக்கு ஒரு வாடகைக்காரர் வீதம் ஐந்து பேரை ஒரு வருடத்துக்குச் சிறப்பு அழைப்பாளர் ஆக்கினோம். ஓட்டு கிடையாது, பேசலாம், வேலை எடுத்துக்கொள்ளலாம். இது சோதனை என்று தொடங்கும்போதே சொன்னோம், எவ்வளவு நாள் என்றும் சொன்னோம், வருடக் கடைசியில் எதைப் பார்த்து முடிவு செய்வோம் என்பதையும் நோட்டீஸில் எழுதி ஒட்டினோம்: சந்தா பாக்கி குறைகிறதா, கூட்டத்துக்கு ஆள் கூடுகிறதா, புதுசாக யாராவது பொறுப்பெடுக்கிறார்களா.

இந்த மூன்று வரிக்கு இருக்கிற பலம் எனக்கு அப்போது தெரியவில்லை. முடிவு தேதி உள்ள ஒன்றை எதிர்ப்பது யாருக்கும் அவ்வளவு சுலபமில்லை, "ஒரு வருஷம்தானே, பார்ப்போம்" என்று விட்டுவிடுகிறார்கள். அதே சமயம் தோற்றால் என்ன போகும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எங்கள் விஷயத்தில் போகக்கூடியது ஐந்து பிளாஸ்டிக் நாற்காலியும் கூடுதல் காபியும். இதுவே பணம் செலவாகிற சோதனை என்றால், அதிகபட்சம் இவ்வளவுதான் செலவழிப்போம் என்று தொகையை முதலிலேயே தீர்மானமாகப் போட்டுவிடுங்கள். சந்தாப் பணம் ஊர்ப் பணம். நூறு ரூபாய் வீணானாலும் பத்து வருடம் பேசுவார்கள்.

அந்த ஐந்து பேரில் ஒரு பெண், ஐடி வேலை, கைக்குழந்தையோடு கூட்டத்துக்கு வருவார். மழைநீர் வடிகாலுக்காக மாநகராட்சிக்கு நாங்கள் வருடக்கணக்கில் கொடுத்த மனுக்கள் எல்லாவற்றையும் தேதி வாரியாக ஒரே கோப்பில் அடுக்கிக் கொடுத்தார். ஒரு பீரோவில் கிடந்த பழைய காகிதங்களை மூன்று வாரம் உட்கார்ந்து பிரித்திருக்கிறார். ஹெச்எம் சார் அந்தக் கோப்பைப் பத்து நிமிடம் புரட்டினார், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்தில் குழந்தைக்கு பிஸ்கட் பாக்கெட் வாங்கி வந்திருந்தார்.

இன்னொன்று, புதியதைச் சேர்க்கும்போது பழையதில் ஒன்றை நிறுத்துங்கள். இதை எந்தச் சங்கமும் செய்வதில்லை. ஆண்டு விழா, கோலப்போட்டி, மருத்துவ முகாம், யோகா தினம் என்று ஒவ்வொரு செயலாளரும் ஒன்றைச் சேர்த்துவிட்டுப் போகிறார்கள், எடுக்கிறவர் யாருமில்லை, வேலை செய்கிறவர்கள் அதே ஏழெட்டுப் பேர். அவர்கள் களைத்துப்போனால் உங்கள் புதுமையைச் செய்ய ஆள் இல்லை. நாங்கள் மாதாந்திரச் செய்தி மடலை அச்சடிப்பதை நிறுத்தினோம். இரண்டே இரண்டு பேர் தேடினார்கள். அதில் ஒருவர் அதற்குக் கவிதை எழுதிக்கொண்டிருந்தவர்.

பொறுப்பு கைமாறும்போது

சங்கங்களில் புதுமை சாகும் இடம் பொதுக்குழு என்று நினைப்போம். பெரும்பாலும் அது பொறுப்பு மாறும்போதுதான் சாகிறது. ரோட்டரியில் தலைவர் பதவி ஒரு வருடம், ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. ஒரு வருடத்தில் எந்த உருப்படியான மாற்றமும் வேரூன்றாது. அதனால்தான் அவர்கள் அடுத்த தலைவரை முன்கூட்டியே தேர்ந்தெடுத்து வைத்துவிடுகிறார்கள், இப்போதைய தலைவர் வேலை செய்வதை அவர் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே பதவிக்கு வருகிறார். நம் சங்கங்களில் முதல் நாள் வரை யார் வருவார் என்றே தெரியாது, வந்தவரிடம் ஒரு சாவிக்கொத்தும் ரப்பர் ஸ்டாம்பும் கொடுப்பார்கள். போன் எண், வங்கிக் கடவுச்சொல், வாட்ஸப் அட்மின் எல்லாம் பழைய ஆளிடமே இருக்கும். நீங்கள் தொடங்கிய மாற்றம் உங்கள் பெயரால் அழைக்கப்படுகிறது என்றால், "அது அவர் கொண்டுவந்தது" என்று பேசுகிறார்கள் என்றால், நீங்கள் போன மறுநாள் அதுவும் போகும். நான் வேண்டுமென்றே வாடகைக்காரர் விஷயத்தை ஹெச்எம் சார் பெயரில்தான் பேசினேன், "சார் கேட்ட கேள்விக்குப் பதில் தேடுறோம்" என்று. கொஞ்சம் தந்திரம்தான், ஆனால் பொய்யில்லை.

பைலா திருத்தம், கடைசியாக

ஒரு வருடம் முடிந்தது. சந்தா பாக்கி குறைந்திருந்தது, பொங்கல் விழாவை முழுக்க அந்த ஐந்து பேரும் அவர்களுடைய நண்பர்களும் நடத்தினார்கள். இனி விதியைத் திருத்தலாம் என்று முடிவானது.

இங்கே ஒரு எச்சரிக்கை. வாட்ஸப் குழுவில் கட்டை விரல் காட்டுவது தீர்மானம் ஆகாது. பைலாவைத் திருத்தச் சிறப்புத் தீர்மானம் வேண்டும்: தமிழ்நாட்டுச் சட்டப்படி, என்ன திருத்தம் என்று குறிப்பிட்டு 21 நாள் முன்னதாக நோட்டீஸ், பிறகு கூட்டத்தில் நான்கில் மூன்று பங்கு ஆதரவு. அதன் பிறகு பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்து பதிவாக வேண்டும். "இதர விஷயங்கள்" தலைப்பில் இதையெல்லாம் நுழைக்க முடியாது. நுழைத்தாலும் பிறகு ஒரே ஒருவர் வழக்குப் போட்டால் எல்லாம் போய்விடும். நீங்கள் இருக்கும் நாட்டில், மாநிலத்தில் சட்டம் வேறாக இருக்கும், உங்கள் பைலா இன்னும் கடுமையாகவும் இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.

திருத்தத்தின் வாசகத்தை ஹெச்எம் சாரின் கேள்வியை வைத்தே எழுதினோம். ஒரு வருடத்துக்கு மேல் குடியிருக்கும் வாடகைக்காரர் உறுப்பினராகலாம், ஓட்டுப் போடலாம், செயற்குழுவுக்கும் நிற்கலாம். சங்கத்தின் நிலம், நிரந்தர வைப்புத்தொகை பற்றிய தீர்மானங்களில் சொந்தக்காரர்கள் மட்டும் ஓட்டுப் போடுவார்கள். கூட்டம் நல்லபடியாக நடந்தது, நான்கில் மூன்றுக்கு மேலேயே ஆதரவு. ஹெச்எம் சார் எந்தப் பக்கமும் ஓட்டுப் போடவில்லை, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பதிவாளர் அலுவலகத்திலிருந்து காகிதங்கள் திரும்பி வந்தன. தப்பு என்னுடையது. நோட்டீஸில் போட்ட தேதியிலிருந்து கூட்டத் தேதி வரை எண்ணினால் 19 நாள்தான் வருகிறது. அச்சுக்குக் கொடுத்த அன்றைய தேதியை நான் மனதில் வைத்திருந்தேன், நோட்டீஸில் இருந்தது இரண்டு நாள் கழித்து. ஒரு வருட வேலை, இரண்டு நாளில் தொங்கிவிட்டது. வேறு வழியில்லை, மறுபடி நோட்டீஸ், மறுபடி கூட்டம். இந்த முறை நாட்களை எண்ணும் வேலையை ஹெச்எம் சார் கேட்டு வாங்கிக்கொண்டார், நாட்காட்டியில் ஒவ்வொரு நாளாகச் சிவப்பு மையில் டிக் அடித்து, 21 போதாது என்று 25 நாள் வைத்தார்.

இரண்டாவது கூட்டத்தில் தீர்மானத்தை நான் முன்மொழிந்தேன். யார் வழிமொழிகிறீர்கள் என்று தலைவர் கேட்டபோது வழக்கம்போல் கொஞ்ச நேரம் அமைதி. பின்வரிசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. ஹெச்எம் சார் எழுந்து நின்று, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "வழிமொழிகிறேன். மினிட் புக்குல தேதியைச் சரியாப் போடுங்க" என்றார்.